தேர்வு எண் இன்னும் வரவில்லை

ரவாங்
பிப்ரவரி 16

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

குமுதா வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் பிள்ளையும் சுகம். உங்கள் இடது காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நான் பேசியதில் பாதிகூட உங்களுக்கு எட்டவில்லை. வாட்சாப்பில் எழுதினால் எழுத்து பொடி என்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நான் துப்புரவு வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் அடுத்த வருடம் இரண்டு வகுப்பறை உதவியாளர்களை எடுக்கப்போகிறார்கள். ஏற்கனவே உள்ளே வேலை செய்கிறவர்களும் கேட்கலாமாம். ஆனால் பள்ளி இறுதியில் எழுதும் எஸ்பிஎம் பரீட்சையில் ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். அந்த ஒரு பாடத்தில்தான் நான் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் தோற்றேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் மறுபடி எழுதப் பதிந்துகொண்டால் இடத்தைப் பிடித்து வைப்பார்கள் என்று ஆபீசில் இருக்கும் மிஸ் நித்தியா சொன்னார்.

உங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். ஒன்று, பதிவு. எனக்கு வார நாளில் லீவு கிடைக்காது. முப்பத்தொரு வருடம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த உங்களைவிட விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரிந்தவர் நம் குடும்பத்தில் யார்? இரண்டு, வார்த்தைகள். வாய்மொழித் தேர்வில் பள்ளி வாழ்க்கை பற்றியும் பரீட்சை பற்றியும் அடிக்கடி கேட்பார்களாம். நாள் முழுவதும் பள்ளிக்கூடத்துக்குள்தான் இருக்கிறேன். ஆனால் அதைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசச் சொன்னால் வாய் கட்டிக்கொள்கிறது.

இவர் லோரியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, "இந்த வயசுல எஸ்பிஎம்மா? அப்ப நான் ஸ்கூல் பேக் வாங்கித் தரணும்லா. சக்கரம் வச்சதா, வைக்காததா?" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். எனக்கு வயது முப்பத்தொன்பது. இனிமேலும் வாளியைத் தூக்கினால் முதுகு நிமிராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மகள்,
குமுதா


புக்கிட் ரோத்தான்
மார்ச் 2

அன்பு மகள் குமுதாவுக்கு,

பெரியப்பா ஆசிகளுடன் எழுதுவது. நான் நலம். காது பழையபடிதான். மாப்பிள்ளை சேதுவுக்கும் பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். என் ஆங்கிலம் ஆபீஸ் ஆங்கிலம். எத்தனை குலை வெட்டினார்கள், எத்தனை பேர் வேலைக்கு வரவில்லை, உரம் எவ்வளவு மிச்சம் என்று எழுதிப் பழகிய கை. பள்ளிக்கூடச் சொற்களில் நான் தவறு செய்யக்கூடும். ஆகையால் ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் இரண்டு முறை பார்த்த பிறகே எழுதுகிறேன்.

பரீட்சை எழுதுவதற்கு 'சிட் ஃபார்' என்று சொல்ல வேண்டும். மறுபடி எழுதுவது 'ரீசிட்'. உன் காரியம் அதுதான். படித்ததைத் திரும்பப் பார்ப்பது 'ரிவிஷன்'. வகுப்புக்கு மட்டம் போடுவது 'பிளே ட்ரூவண்ட்'. பள்ளியை விட்டே நின்றுவிடுவது 'டிராப் அவுட்'. மண்டபத்தில் மேற்பார்வை செய்கிறவர் 'இன்விஜிலேட்டர்'. இதில் கடைசிச் சொல்லைச் சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பழகு. எனக்கே நாக்கு சுளுக்கிக்கொண்டது.

பாரத்தைக் கோலசிலாங்கூர் நூலகத்துக்குப் போய்க் கணினியில் நிரப்பி, அச்செடுத்து வைத்திருக்கிறேன். மூன்று முறை சரிபார்த்தேன். அதை உன் ஐசி அடையாள அட்டையின் நகலோடும் பழைய சான்றிதழின் நகலோடும் சேர்த்து மார்ச் 28க்குள் தேர்வு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நகல்களை உடனே அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிவானந்தம்


ரவாங்
மார்ச் 30

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் அனுப்பிய நகல்கள் கிடைத்திருக்கும். நேற்று முன்தினம்தானே கடைசி நாள்? அலுவலகத்தில் கூட்டமா? வெயிலில் நிற்கவிட்டார்களா? உங்களை அலைய வைத்துவிட்டேனே என்று மனம் கேட்கவில்லை.

மிஸ் நித்தியாவிடம் பதிந்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு தாளில் என் பெயரை எழுதி, பக்கத்தில் பச்சைப் பேனாவால் ஒரு சரி போட்டார். துப்புரவுப் பிரிவில் என் ஒருத்தி பெயர்தான். விஷாலினி என்று கூட வேலை செய்கிற பெண், "அக்கா, நீங்க டீச்சராயிட்டா எங்கள 'ஏய் கிளீனர்'னு கூப்பிடக்கூடாது, சரியா?" என்கிறாள். டீச்சர் இல்லையடி, உதவியாளர் என்றால், "டீச்சர் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருவீங்கல்ல? அது போதும்லா" என்கிறாள்.

இங்கே புதிதாகக் காதில் விழுந்த சொற்கள்: 'டிடென்ஷன்' என்றால் பள்ளி முடிந்தும் பிள்ளையை நிறுத்தி வைப்பது. 'மாக் எக்ஸாம்' என்றால் நிஜப் பரீட்சைக்கு முன் வைக்கும் ஒத்திகை. வாளியில் துணி பிழியும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் மகள்,
குமுதா


புக்கிட் ரோத்தான்
ஏப்ரல் 14

அன்புத் தங்கை தாயம்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. சபாக்கில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க, புத்தாண்டு நல்லபடியாகப் பிறந்திருக்க வேண்டுகிறேன். நான் இன்று கோயிலுக்குப் போகவில்லை.

உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாத காரியம். நம் தம்பி நாராயணசாமி மகள் குமுதா இந்த வருடம் ஆங்கிலப் பரீட்சை எழுத இருக்கிறாள் அல்லவா? அவளுக்குப் பள்ளியில் நல்ல வேலை ஒன்று அதை நம்பித்தான் இருக்கிறது. பதிவை நான் ஏற்றுக்கொண்டேன். பாரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆபீசில் முக்கியமான காகிதம் எதையும் கையில் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. கையில் கொடுத்தால் சாட்சி கிடையாது. பதிவுத் தபாலுக்கு ரசீது உண்டு. அந்த ரசீதைக்கூட நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9ஆம் தேதி உறை திரும்பி வந்துவிட்டது. நேரில் வந்துதான் கொடுக்க வேண்டுமாம். தேதியும் முடிந்துவிட்டது. போன் செய்து கேட்டேன். இனி அடுத்த வருடம்தான் என்றார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவளுக்கு இன்னும் எழுதவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது.

அன்பு அண்ணன்,
சிவானந்தம்


சபாக்
ஏப்ரல் 20

அண்ணனுக்கு தாயம்மா எழுதுறது. நாங்க நல்லா இருக்கோம். நீ நல்லா இல்லன்னு உன் கையெழுத்தப் பாத்தே தெரியுது.

எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. பேசுறத எழுதுறேன். எப்படித் தொடங்குறதுன்னு கேக்குறியே, "குமுதா, தப்பு பண்ணிட்டேன்"னு தொடங்கு. அதுக்கு எந்த அகராதியும் வேணாம்.

நான் சொல்ல மாட்டேன் அண்ணே. சொல்ல வேண்டியவன் நீ. சின்ன வயசுல லயத்துல வேல வாங்குற மண்டோர் வூட்டுக் கண்ணாடிய நீ ஒடச்சிட்டு, என்னத்தான் முன்னாடி அனுப்புன. நான்தான் அடி வாங்குனேன். அப்ப எனக்கு ஏழு வயசு. இப்ப அறுவத்தஞ்சு. இனிமே உனக்காக முன்னாடி போக எனக்குத் தெம்பில்ல.

இப்பவே சொன்னா அவ கோவப்படுவா, அழுவா, அப்புறம் வேற வழி தேடிக்குவா. வேற வழி இருக்கோ இல்லியோ, தேடுறதுக்கு நாளாவது இருக்கும். நாளாக ஆக அதையும் நீ தின்னுட்டு இருக்க.

சாப்பாட்ட விட்டுராத. மாத்திரயும் போடு.

தாயம்மா


ரவாங்
மே 12

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். சுகமா? மார்ச்சில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. காய்ச்சலாகக் கிடக்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது. அத்தைக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்காரு, எழுதுவாரு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

தேர்வு எண் வந்துவிட்டதா பெரியப்பா? அதைக் கேட்கத்தான் முக்கியமாக எழுதுகிறேன். மிஸ் நித்தியா என் ஃபைலில் போட்டு வைக்கக் கேட்கிறார். வாய்மொழித் தேர்வு என்றைக்கு என்று தெரிந்தால் லீவுக்கும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஒரு சந்தோஷமான செய்தி. போன வாரம் முதலாம் வகுப்புப் பையன் ஒருவன் கழிப்பறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தான். பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டானாம். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆங்கிலத்திலேயே பேசினேன். பரவாயில்லை, ஒரு கேள்விதானே, போய் டீச்சரிடம் சொல் என்றேன். எல்லாம் நீங்கள் சொற்களை எழுதி அனுப்பித் தந்த தைரியம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். பெரியப்பா, அவனுக்கு நான் பேசியது புரிந்தது! அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் இல்லை.

பதில் உடனே போடுங்கள்.

தங்கள் மகள்,
குமுதா


புக்கிட் ரோத்தான்
ஜூன் 3

அன்பு மகள் குமுதாவுக்கு,

ஆசிகள். தாமதத்துக்கு மன்னிக்கவும். எனக்குக் காய்ச்சல் இல்லை. கொஞ்சம் தலைசுற்றல் இருந்தது; இப்போது தேவலை. இங்கே பத்து நாளாக மழை. பின்கட்டில் தண்ணீர் ஏறி, வைத்திருந்த மரவள்ளி அழுகிவிட்டது.

அந்தப் பையனிடம் நீ பேசிய செய்தியைப் பலமுறை படித்தேன்.

இம்முறை சொற்களை ஆங்கில அகர வரிசையில் தந்திருக்கிறேன். ஒழுங்காக இருந்தால் மனதில் நிற்கும். ஆப்சென்ட், வராதிருத்தல். அசைன்மென்ட், ஒப்படைப்பு. அட்டெண்டன்ஸ், வருகை. கேண்டிடேட், தேர்வு எழுதுபவர். சீட், பார்த்து எழுதுதல். ஏமாற்றுதல் என்றும் பொருள். ஃபெயில், தோற்பது. கிரேட், தரநிலை. ஹெட்மாஸ்டர். மார்க். பாஸ், தேறுவது. ரிப்போர்ட் கார்டு, ரிசல்ட், ரிவிஷன். சிலபஸ், பாடத்திட்டம். டைம்டேபிள். மொத்தம் நாற்பது. மீதியைத் தனித் தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். எதிலாவது பிழை இருந்தால் தயங்காமல் சொல். எனக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

தேர்வு எண் பற்றிக் கேட்டிருந்தாய். இப்படிப்பட்ட காரியங்களுக்கு நாள் பிடிக்கும். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டாம்.

பிள்ளைக்கு மழையில் நனையாமல் குடை கொடுத்து அனுப்பு.

அன்புடன்,
சிவானந்தம்


ரவாங்
ஜூன் 15

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். சுகம். தலைசுற்றலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? அலட்சியம் வேண்டாம்.

நாற்பது சொல்லும் கிடைத்தது. தனி நோட்டில் எழுதிக்கொண்டேன். 'ஆர்' எழுத்தில் 'ரெஜிஸ்டர்' விட்டுப்போயிருக்கிறது. பெயரைப் பதிவது என்று எனக்கு அர்த்தம் தெரியும். அதை வைத்து ஒரு வாக்கியம் மட்டும் நீங்களே எழுதி அனுப்புங்கள்.

இங்கே ஒரு புதுச் செய்தி. எஸ்பிஎம் சான்றிதழ் இல்லாத ஊழியர்களுக்குப் பள்ளியே ஓர் ஆங்கிலத் தேர்வு வைக்கப்போகிறதாம். ஒரு மணி நேரம் எழுத்து, பதினைந்து நிமிடம் பேச்சு. ஆகஸ்ட் 15. அதில் தேறினால் அதுவே போதும். ஆனால் பெயர் கொடுக்க ஜூலை 31 கடைசி நாள். எஸ்பிஎம்முக்குப் பதிந்தவர்கள் இதில் சேர வேண்டியதில்லை. மிஸ் நித்தியா கேட்டார். நான்தான் பதிந்துவிட்டேனே, எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டேன். சரிதானே பெரியப்பா?

நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதன்படி செய்கிறேன்.

தங்கள் மகள்,
குமுதா


புக்கிட் ரோத்தான்
ஜூலை 4

அன்பு மகள் குமுதாவுக்கு,

ஆசிகள். சேதுவும் பிள்ளையும் நலந்தானே? டாக்டரைப் பார்த்தேன். இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாம்; கவலைப்பட ஒன்றும் இல்லை.

நீ கேட்ட வாக்கியம்: 'தி டீச்சர் டேக்ஸ் தி ரெஜிஸ்டர் எவ்ரி மார்னிங்.' ஒவ்வொரு நாள் காலையிலும் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுகிறார். இந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

பள்ளியின் சொந்தத் தேர்வு பற்றி நன்றாக யோசித்தேன். நீ அதற்குப் பெயர் கொடுப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது. இரண்டு கதவு திறந்திருக்கும்போது ஒன்றை நாமே ஏன் சாத்த வேண்டும்? ஒத்திகையாகவும் இருக்கும். எஸ்பிஎம் முடிவுக்காக அடுத்த வருடம் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆகவே மறுக்காமல் பெயரைக் கொடு. நாளைக் கடத்தாதே. இந்த மாதம் பத்தாம் தேதிக்குள் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. மறந்துவிடாதே.

அன்புடன்,
சிவானந்தம்


ரவாங்
ஜூலை 11

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறையுங்கள். கருவாடு வேண்டாம்.

நான் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. எனக்கு ஒன்று புரியவில்லை. எஸ்பிஎம் என்றால் அரசாங்கச் சான்றிதழ், எங்கே போனாலும் செல்லும் என்று முன்பெல்லாம் நீங்கள்தான் சொன்னீர்கள். இப்போது பள்ளித் தேர்வை எழுது, பத்தாம் தேதிக்குள் பெயர் கொடு என்று அவசரப்படுத்துகிறீர்கள். இரண்டுக்கும் படித்தால் நான் இரண்டிலும் தோற்றுவிடுவேன். இவர்கூட, "ஒரு லோரிக்கு ஒரு டிரைவர் போதும்லா. ரெண்டையும் ஏன் இழுத்துப் போட்டுக்கிற?" என்கிறார்.

நீங்கள் காரணம் இல்லாமல் எதுவும் சொல்கிறவர் இல்லை. காரணம் இருந்தால் சொல்லுங்கள். ஒரு வரி போதும். அந்த வரி வந்தால் அன்றே பெயர் கொடுக்கிறேன். வராவிட்டால் எஸ்பிஎம்மை மட்டும் நம்பியிருக்கிறேன்.

ஜூலை 31 மாலை ஐந்து மணிக்கு அந்தத் தாளை மூடிவிடுவார்களாம். அதற்குப் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் முடியாதாம்.

தங்கள் மகள்,
குமுதா


புக்கிட் ரோத்தான்
ஜூலை 28

குமுதா,

தப்பு செய்துவிட்டேன். நீ எஸ்பிஎம்முக்குப் பதியப்படவில்லை. உனக்குத் தேர்வு எண் வராது. இந்தக் கடிதத்தைப் படித்த உடனே, மீதியைப் படிப்பதற்கு முன், மிஸ் நித்தியாவிடம் போய்ப் பள்ளித் தேர்வுக்குப் பெயர் கொடு. கொடுத்துவிட்டு வந்து இதைப் படி.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மார்ச் 26ஆம் தேதி காலை தேர்வு அலுவலகத்துக்குப் போனேன். எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் நான்கு பேர். முகப்பில் இருந்த அம்மையார் ஓர் இளைஞனிடம் ஏதோ நகல் இல்லையே என்று கேட்டார். கடுமையாகப் பேசவில்லை. சத்தமாகப் பேசினார், அவ்வளவுதான். என் காதுக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் விழுந்தது, சொல் விழவில்லை. என்னிடமும் இப்படிக் கேட்டால் என்ன கேட்கிறார் என்றே எனக்குத் தெரியாதே, திருதிருவென்று நிற்பேனே, பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்களே என்று பயந்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். எதிரிலேயே தபால் நிலையம் இருந்தது. பதிவுத் தபாலில் போட்டேன். ஏப்ரல் 9ஆம் தேதி அது திரும்பி வந்துவிட்டது.

நேரில் கொடுக்க வேண்டும் என்பது தெரியாமல் தபாலில் போட்டேன் என்று தாயம்மாவுக்கு எழுதினேன். அது பொய். பாரத்தின் கடைசி வரியில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டவனே நான்தான். தெரிந்துதான் போட்டேன். எப்படியாவது வாங்கிக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரலில் சொல்லியிருக்க வேண்டும். மே மாதம் நீ அந்தப் பையனைப் பற்றி எழுதியபோது சொல்லியிருக்க வேண்டும். ஜூனில், ஜூலையில் நீ நேராகவே கேட்டாய். இதை எழுதி ஒரு வாரம் ஆகிறது. உறைக்குள் வைத்து ஒட்டினேன், பிரித்தேன், மறுபடி எழுதினேன். இனித் தபாலில் போட்டால் 31க்குள் வருமோ வராதோ. நாளை முதல் பஸ்ஸைப் பிடித்து ரவாங்குக்கு வந்து உன் கையில் கொடுக்கிறேன். நீ என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

சிவானந்தம்


ரவாங்
செப்டம்பர் 7

பெரியப்பாவுக்கு,

குமுதா எழுதுகிறேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜனவரி முதல் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உதவியாளர். எழுத்தில் அறுபத்திரண்டு. பேச்சில் பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டார்கள். தோற்றதையும் சேர்த்துச் சொன்னேன். இதை முதலில் எழுதிவிட்டேன், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் எழுதுவதைப் படித்து உங்கள் இரத்த அழுத்தம் ஏறிவிடக்கூடாது.

எனக்கு மே மாதக் கடைசியிலேயே தெரியும். மிஸ் நித்தியா தேர்வு எண் கேட்டு நச்சரித்ததால், தேர்வு இணையதளத்தில் என் ஐசி எண்ணைப் போட்டு அவரையே பார்க்கச் சொன்னேன். என் பெயர் இல்லை. ஏதோ கோளாறு, பெரியப்பா எழுதுவார் என்று சொல்லிவிட்டு வந்து, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அத்தைக்குப் போன் போட்டேன். "என்னக் கேக்காத, உன் பெரியப்பாவக் கேளு" என்றார். அதிலிருந்தே எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு உங்கள் ஜூன் கடிதம் வந்தது. நாற்பது சொல் இருந்தது.

பள்ளித் தேர்வு அறிவித்த முதல் நாளே பெயர் கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று உங்களுக்கு எழுதியது பொய். நீங்கள் எப்போது சொல்கிறீர்கள் என்று பார்க்கவே அப்படி எழுதினேன். உங்களுக்கு ஒரு பரீட்சை வைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வைத்ததற்காக எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜூலை முதல் வாரம் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். உங்கள் கால் நனையாமல் என்னைக் கரையேற்றப் பார்த்தீர்கள். அந்தக் கடிதத்துக்கு அரை மார்க் போடலாமா, பூஜ்யம் போடலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பரீட்சைக்கு என் பெயர் பதிவாகாமல் போனதுகூடப் பெரிதில்லை. நான் துடைப்பத்தோடு நின்று அந்தப் பையனிடம், போய் டீச்சரிடம் சொல் என்றேனே, அதைப் பலமுறை படித்தேன் என்று எழுதினீர்களே பெரியப்பா. படித்துவிட்டும் சொல்லவில்லையே. அது பெரிது.

ஜூலை 29ஆம் தேதி நீங்கள் வந்ததைப் பார்த்தேன். இரண்டாம் மாடி நடையில் மாப்போடு நின்றிருந்தேன். பள்ளி கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றீர்கள். உறையைக் காவலாளியிடம் கொடுத்தீர்கள். அவர், "வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாராம். நீங்கள் கையை ஆட்டிவிட்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டீர்கள். அங்கே பஸ் வர இருபது நிமிடம் ஆனது. நான் கூப்பிட்டிருந்தால் உங்களுக்குக் கேட்டிருக்காது. ஆனால் இறங்கி ஓடி வந்திருக்கலாம். வரவில்லை. பஸ் கிளம்பும் வரை அங்கேயே நின்று பார்த்தேன். அதனால் இதில் எனக்கும் ஒரு பிழை இருக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தின் முதல் மூன்று வரியை இவர் சத்தமாகப் படித்தார். "கெழவன் கடைசியில எழுதிட்டாருடி" என்றார். சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் எஸ்பிஎம் எழுதுவதாகத்தான் இருக்கிறேன். பாரத்தை நானே நிரப்பி, நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். கொஞ்ச காலம் நீங்கள் எனக்கு எழுத வேண்டாம். என் மனம் ஆறியதும் நான் எழுதுகிறேன். எவ்வளவு நாளாகும் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

சுகமா என்று இந்தக் கடிதத்தில் நான் உங்களைக் கேட்கவில்லை. நேற்றே அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

குமுதா